செவ்வாய்க்கிழமைப் புள்ளிகள்

தையல்காரம்மா நோட்டீசை நில அளவை அலுவலகத்தில் என் மேசையில் வைத்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கழுத்தில் அளவு டேப் தொங்கியது. பாதித் தையலில் எழுந்து வந்திருக்கிறார்.

"பதினெட்டு வருஷமா அந்த அடுப்படியிலதான் சமைக்கிறேன். இப்ப அது கால்வாய்க்குள்ள இருக்காம். பதினஞ்சு நாள்ல இடிப்பாங்களாம். அளந்த தாள்ல உன் கையெழுத்துன்னு சொன்னாங்களே, நிஜமாம்மா?"

நிஜம்தான். கால்வாயோர வீடுகளை அளந்த செவ்வாயன்று நான் விடுப்பு. புதனன்று சூப்பர்வைசர் தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து, போட்டுடு" என்றார். படிக்காமல் போட்டேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். எந்தக் காகிதம் வந்தாலும், "நீ படிச்சுப் பாரு" என்று என் கையில்தான் கொடுப்பார்கள். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

திரையிலிருந்த வரைபடத்தில் அவருடைய அடுப்படி கால்வாய் எல்லைக்குள் ஒன்றரை மீட்டர் நுழைந்திருந்தது. சூப்பர்வைசர் திரையை விரலால் தட்டினார்.

"பிழை ரெண்டு சென்டிமீட்டர்னு போட்டிருக்கு பாரு. சாட்டிலைட் பொய் சொல்லுமா?"

"அது சொல்லாது சார். நாம சொல்ல வெச்சா சொல்லும்."

செவ்வாய்த் தாளை இப்போதுதான் படித்தேன். எங்களிடம் சாட்டிலைட்டை வைத்து இடம் சொல்லும் இரண்டு கருவிகள். ஒன்று நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். மற்றதைத் தூக்கிக்கொண்டு போய் அளப்போம். நிற்கும் கருவியை, இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு கல்லின்மேல் வைத்து, அந்தக் கல்லின் இட எண்களை அதற்குக் கொடுக்க வேண்டும். கல் இருப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மேட்டில். அளக்கப் போனவர்களுக்கு வெயிலில் ஏற உடம்பு வளையவில்லை. ஜீப் பக்கத்திலேயே கருவியை நிறுத்தி, 'இங்கே' என்ற பட்டனை அமுக்கிவிட்டார்கள். அமுக்கினால், தான் நிற்கும் இடத்தைக் கருவி தானே குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளும். அது தள்ளியிருந்தால், அன்று அளந்த அத்தனை வீடும் அதே பக்கமாகத் தள்ளி நிற்கும். அந்த இரண்டு சென்டிமீட்டர், இரண்டு கருவிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தின் துல்லியம் மட்டும்தான். வீடு பூமியில் எங்கே இருக்கிறது என்பதற்கல்ல.

"எல்லாரும் பண்றதுதானே இது."

"அப்ப எல்லாரும் தப்பா பண்றாங்க சார்."

"ரிப்போர்ட் மேல போயாச்சு. நூத்தி நாப்பத்திரண்டு புள்ளி! திரும்ப அளக்க யாரு வருவா, உங்கப்பாவா?"

"எங்கப்பா வந்திருந்தா மேட்டுல ஏறியிருப்பாரு."

ஒரு புள்ளியைத் திரும்ப அளந்தால் போதும். கிடைக்கும் வித்தியாசத்தை மற்ற எல்லாவற்றிலும் கழித்துவிடலாம். சாப்பாட்டு நேரத்தில் கருவிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். கல்லின்மேல் ஒன்றை நிறுத்திவிட்டு அடுப்படிச் சுவருக்கு வந்தேன். மற்ற கருவியை மாட்டிய கோலைத் தையல்காரம்மா பிடித்தார். ஊசியில் நூல் கோக்கிற கை; கோலிலுள்ள மட்டக் குமிழி நடுவிலிருந்து இம்மி நகரவில்லை.

வித்தியாசம் ஒன்று புள்ளி ஒன்பது மீட்டர். சுவர் எல்லைக்கு வெளியே நாற்பது சென்டிமீட்டர் தள்ளியே இருந்தது.

"அங்குலத்துல சொல்லும்மா."

"பதினாறு."

"சின்னப் பிள்ளை சட்டை நீளம்," என்றவர், சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அலுவலகத்தில் எல்லாப் புள்ளிகளையும் திருத்தினேன். இந்தக் கரை வீடுகள் கால்வாயிலிருந்து விலகின. அதே அளவுக்கு எதிர்க்கரை வீடுகள் கால்வாயை நோக்கி நகர்ந்தன. அங்கே சைக்கிள் மெக்கானிக் வீட்டின் படுக்கையறை எழுபது சென்டிமீட்டர் உள்ளே போயிருந்தது. இதுவரை அவருக்கு நோட்டீசே கிடையாது.

சூப்பர்வைசருக்கு ஒரே சிரிப்பு. "ஒருத்தர் கண்ணைத் துடைச்சு இன்னொருத்தர் கண்ணைக் குத்திட்டியே தாயி. பேசாம பழசையே விட்டுடு."

"பழசுல என் கையெழுத்து இருக்கு சார்."

புதிய தாளை வரிவரியாகப் படித்துக் கையெழுத்திட்டு, மேலே அனுப்பினேன். அவர் மேல் வந்த கோபம் என் மேலும் இருந்தது. பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்கு நடந்தேன்.

மெக்கானிக் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி எழுந்தார். "என்னம்மா, என் வீட்டுக்கு ஒண்ணும் இல்லைன்னு போன வாரம் சொன்னாங்களே?"

"தப்பா அளந்துட்டோம் அண்ணே. நோட்டீஸ் வரும். அதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னு வந்தேன்." அவர் திரும்பிப் படுக்கையறைச் சுவரைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு உங்க கண்ணு முன்னாலயே இன்னொரு தரம் அளக்கிறேன்."

"அளந்தா சுவரு நகருமா?" என்றார்.