சிட்டுவோட தொழில் கத்தரி

சிட்டுவோட கத்தரிக்கோலை அவ புருஷன்கிட்ட இருந்து வாங்கிட்டு வந்துடணும்னு அந்த ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பினேன். கேட்டதும் குடுத்துட்டா நல்லது. குடுக்கலேன்னா வாயைத் திறக்க வேண்டியதுதான். என் வாயைப் பத்தி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல கேட்டுப் பாருங்க. அங்க மேற்பார்வை பாக்கறவ நான். படுக்கை விரிப்பு மடிப்புல ஒரு மூலை பிசகினாலும் பிரிச்சு மறுபடி மடிக்க வைப்பேன். முதுகுக்குப் பின்னால எனக்குக் ‘கஞ்சி’ன்னு பேரு. அவ்வளவு விறைப்பாம்.

சிட்டு என் தங்கச்சி. ஒரே தங்கச்சி. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, பார்லர்ல ஒரு பொம்பளைக்கு முடி வெட்டிட்டு இருக்கும்போதே, “தலை ஒரு மாதிரி இருக்கு”ன்னு சொல்லி நாற்காலியைப் பிடிச்சாளாம். அவ்வளவுதான். மூளைல ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். காலைல போன்ல என்கிட்ட “அக்கா, உன் ஊறுகாய் பாட்டிலை நான்தான் எடுத்துட்டு வந்தேன், திட்டாதே”ன்னு சொன்னவ, சாயங்காலம் இல்ல. முடி வெட்ட உட்கார்ந்த பொம்பளை ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் குட்டையுமா ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்து, யாரோ எவரோ, எங்களோட சேர்ந்து அழுதுட்டு நின்னா.

பார்லர் முதலாளியம்மா ஒரு துண்டுல சுத்தி அந்தக் கத்தரிக்கோலை ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தாங்க. நானும் மாப்பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துல நிக்கறோம். என்னைத் தாண்டிப் போய் அவர் கைல குடுத்தாங்க. அவரும் வாங்கிச் சட்டைப் பைல போட்டுகிட்டார். தங்கச்சி உள்ள அப்படிக் கிடக்கும்போது எனக்கு வயிறு எரிஞ்சது எதுக்குன்னு நினைக்கறீங்க? அந்தத் துண்டுக்கு. நீயெல்லாம் மனுஷியாடின்னு என்னையே கேட்டுகிட்டேன். கேட்டும் எரிச்சல் அடங்கல.

நியாயத்தைப் பேசுவோம். அம்மா போனப்ப சிட்டுவுக்குப் பால்பல்கூட விழல. தலை வாரி, குளிப்பாட்டி, சோறு ஊட்டி, ஜுரத்துக்கு ஈரத்துணி போட்டு வளர்த்தது நான். பீச்சாங்கையால பென்சிலைப் பிடிக்கும். டப்புன்னு தட்டி சோத்துக்கைல வைப்பேன். பீச்சாங்கையால ஸ்பூனை எடுக்கும், மறுபடியும் தட்டுவேன். ஒரு வருஷம் விடாம நின்னு மாத்தினேன். எழுத்து முத்து முத்தா வந்துச்சு. ஸ்கூல்ல டீச்சரே கூப்பிட்டு, “உங்களை மாதிரி ஒரு அக்கா எல்லாருக்கும் கிடைக்கணும்”னு சொன்னாங்க. இத்தனையும் நான் பண்ணி வெக்க, எங்கேயோ கிடந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக் வந்து, ‘என் பொண்டாட்டி’ன்னு கூட்டிட்டுப் போனார்.

நல்ல மனுஷர்தான், இல்லேங்கல. அதிர்ந்து பேச மாட்டார். அதுவே எனக்கு ஆகாது. கெட்டவரா இருந்தா நாலு பேர்கிட்ட கரிச்சுக் கொட்டியாவது ஆறுதல் பட்டுக்கலாம்.

எல்லாத்தையும்விட என்னைத் தின்னது அவர் தலைமுடி. அவருக்கும் சிட்டுதான் வெட்டுவா, எனக்கும் சிட்டுதான் வெட்டுவா. அவர் தலையைப் பாத்தீங்கன்னா காதோரம் வரைஞ்சு வெச்ச மாதிரி இருக்கும். என் தலையைப் பாத்தா எலி கடிச்ச மாதிரி. இடது பக்கம் ஒரு நீளம், வலது பக்கம் ஒரு நீளம். “என்னடி இது?”ன்னு கேட்டா, “உன் மண்டைதான்க்கா கோணல்”ம்பா. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்”னு நானும் விடமாட்டேன். ரெண்டு பேரும் சிரிப்போம். சிரிச்சுட்டு அவ போனப்புறம் கண்ணாடி முன்னாடி நின்னு எனக்கு உள்ளுக்குள்ள குமையும்.

பார்லருக்கே வர்றேன்டின்னா, “ஐயோ வேணாம், நான் வீட்டுக்கு வந்து வெட்டறேன்”ம்பா. அங்க அவளுக்குன்னு ஒரு கத்தரிக்கோல் வெச்சிருந்தா, வெளிநாட்டுச் சாமான், வேற யாரும் தொடக்கூடாது. தொழில் கத்தரின்னு பேரு. அதையாவது கொண்டு வாடின்னா, “கடைச் சாமானை வெளிய எடுக்கக் கூடாதுக்கா”ம்பா. என் சமையல்கட்டு ஸ்டூல்ல என்னை உட்கார வெச்சு, வீட்டுக் கத்தரியால வெட்டுவா. ஆனா மாப்பிள்ளைக்கு மட்டும் தொழில் கத்தரி வீட்டுக்கு வரும். அவர் வாயாலயே ஒரு தடவை சொல்லிட்டார். ஊர்ல இருக்கறவளுக்கெல்லாம் நல்ல கத்தரி, கட்டினவனுக்கு நல்ல கத்தரி, வளர்த்தவளுக்குப் பால் பாக்கெட் வெட்டற கத்தரி. எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

அதனாலதான் அது எனக்கு வேணும். அவ உசிரோட இருக்கும்போது என் தலைக்கு வராதது, இப்பவாவது என் கைக்கு வரட்டும்.

மாப்பிள்ளை வீடு மூணாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். லிஃப்ட் மெக்கானிக் இருக்கற கட்டடத்துல லிஃப்ட் ஓடல. இதைச் சொல்லி சிட்டு எத்தனை தடவை அவரைக் கிண்டல் பண்ணியிருப்பா! மூச்சு வாங்க ஏறிப் போய் மணி அடிச்சேன். கதவைத் திறந்தவரைப் பாத்து ஒரு நிமிஷம் திக்குன்னு ஆயிடுச்சு. முடி காதை மூடி, கண்ணுல விழுந்து, ஆளே மாறிப் போயிருந்தார்.

“வாங்கக்கா, டீ போடட்டுமா?”

“டீக்கு வரல மாப்பிள்ளை. சிட்டுவோட தொழில் கத்தரியை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவர் உட்கார்ந்தார். இடிச்ச புளி மாதிரி அப்படியே இருந்தார்.

“அதை விட்டுட்டு வேற எதை வேணும்னாலும் எடுத்துக்குங்கக்கா.”

“வேற எதுவும் வேண்டாம்.”

“எனக்கு அது ஒண்ணுதான்க்கா இருக்கு.”

வாயில நல்லா வந்துச்சு. “ஒண்ணுதானா? சுத்திப் பாருங்க. அவ சீப்பு, அவ செருப்பு, அவ தலையணை, அதோ அவ குடிச்ச டம்ளர், என் ஊறுகாய் பாட்டில் உள்பட எல்லாம் இங்கதான் இருக்கு. எங்கிட்ட என்ன இருக்கு? தலைல இந்தக் கோணல் வெட்டு. அதுவும் வளர்ந்துட்டே போகுது. இன்னும் ரெண்டு மாசம் போனா அதுவும் கிடையாது.”

அவர் எழுந்து போய், பீரோவைத் திறந்து, அதே துண்டோட கொண்டு வந்து என் மடில வெச்சார். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா திருப்பிக் குடுக்கற அளவுக்கு நான் நல்லவ இல்ல.

கண்ணாடி முன்னாடி போய் நின்னேன். முன் நெத்தி முடில கொஞ்சமா எடுத்து, அந்தக் கத்தரியால ஒரே ஒரு வெட்டு வெட்டிப் பாக்கணும்னு ஆசை. வளையத்துக்குள்ள விரலை விட்டேன். கட்டை விரல்ல குத்துச்சு. சரின்னு அமுக்கினேன். முடி வெட்டுப்படல. ரெண்டு அலகுக்கு நடுவுல மடிஞ்சு கடிபட்டுச்சு. மறுபடி அமுக்கினேன். மறுபடியும் அதே கதை. இழுத்தா உசிர் போற வலி.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்துச்சோ!

“என்ன பண்ணி வெச்சிருக்கீங்க இதை? லிஃப்ட்டு ஒயரை வெட்டினீங்களா? அவ தங்கமா வெச்சிருந்த சாமான், மொன்னையாக்கி வெச்சிருக்கீங்களே! இதுக்குத்தான் குடுக்க மாட்டேன்னு முனகினீங்களா?”

“அக்கா, வார்த்தையை விடாதீங்க.” அவர் குரல் உசந்து நான் கேட்டதே அன்னைக்குத்தான். வந்து என் கையில இருந்து கத்தரியை வாங்கினார். மேஜைல கிடந்த பேப்பரை எடுத்து, கத்தரியை இடது கைல மாட்டி, ஓரத்துல வெட்டினார். சரக்னு போச்சு. அதையே வலது கைக்கு மாத்தி வெட்டினார். பேப்பர் மடிஞ்சு சுருண்டுச்சு.

“மொன்னை இல்லக்கா. இது இடது கைக்காரங்களுக்குன்னு செய்யற கத்தரி. அலகு ரெண்டும் மாத்தி வெச்சிருக்கும். சோத்துக்கைல பிடிச்சா வெட்டாது.”

“யார்கிட்ட கதை விடறீங்க? சிட்டு சோத்துக்கைக்காரி. நான் பழக்கினவ.”

“சாப்பிட, எழுத எல்லாம் சோத்துக்கைதான். முடி வெட்ட மட்டும் இடது கை.” அவர் என் முகத்தைப் பாக்கல. “பார்லர்ல சேர்ந்த புதுசுல அவளுக்கு வெட்டே வரலியாம். அனுப்பிடலாம்னு இருந்தாங்களாம். முதலாளியம்மா ஒரு நாள் கத்தரியை இடது கைல குடுத்துப் பாரேன்னாங்களாம். அதுக்கப்புறம் அந்தக் கடைல அவளை மிஞ்ச ஆளே இல்ல.”

நான் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன்.

“என் வீட்டுல?”

“உங்க வீட்டுல சோத்துக்கை. ‘அக்கா ஒரு வருஷம் மல்லாடி மாத்தின கை, அவ முன்னாடி எப்படி மாத்திப் பிடிக்கறது, மனசு விட்டுப் போயிடும்’பா. பார்லருக்கு உங்களை வரவிடாததும் அதுக்குத்தான். சொல்லிடுன்னு நானும் எத்தனையோ தடவை சொன்னேன். அடுத்த தடவை, அடுத்த தடவைன்னே ஓட்டிட்டா. நாள் இருக்குன்னு நினைச்சா.”

அவரே மெதுவா சொன்னார்.

“உங்களுக்கு வெட்டிட்டு வந்தா மணிக்கட்டு வீங்கிக்கும். ராத்திரி தைலம் தேய்ச்சு விடச் சொல்லுவா. எனக்குப் பத்து நிமிஷத்துல வெட்டி, துண்டை உதறிட்டுப் போயிடுவா. உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை நினைச்சு எனக்குப் பொறாமையா இருக்கும்க்கா. அக்காவுக்குன்னா மட்டும் எப்படி மெனக்கெடறா பாருன்னு.”

அவருக்கு என் மேல பொறாமையாம்! அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு ஆயிடுச்சு. வெக்கங்கெட்டவ நான், அந்த நேரத்துலயும் ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. வாயும் சும்மா இருக்கல.

“அப்ப என் மேலதான் அவளுக்குப் பிரியம் ஜாஸ்தி.”

“பிரியம் இல்லாமலாக்கா?” அவர் முடியைக் கண்ணுல இருந்து ஒதுக்கினார். “பயமும் இருந்துச்சு.”

“பயமா? என்கிட்டயா?”

“உங்க வீட்டுக்குக் கிளம்பற அன்னைக்கு அந்த வாசல்ல நின்னுகிட்டு, வலது கைல வெறும் விரலை வெட்டற மாதிரி ஆட்டி ஆட்டிப் பழகிட்டுதான் படி இறங்குவா. பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி. நான் சிரிச்சா கோபம் வரும். ‘கஞ்சிகிட்ட மாட்டினா தெரியும்’பா.”

அந்தப் பேரு அவளுக்கும் தெரியுமா? அவளும் சொல்லுவாளா? கேக்கல. கேக்க பயமா இருந்துச்சு. என் கையையே பாத்துட்டு இருந்தேன். டப்பு டப்புன்னு தட்டின கை. முப்பது வயசைத் தாண்டி, நாலு பேர் தேடி வர்ற தொழில்காரி ஆனப்புறமும், என் சமையல்கட்டுக்குள்ள நுழைஞ்சா அவ அந்தப் பால்பல் குட்டியாத்தான் நின்னிருக்கா. எனக்குத் தெரியல. அவளைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லேன்னு அவர்கிட்டயே எத்தனை தடவை மார் தட்டியிருப்பேன்.

ஆனா இன்னும் ஒண்ணு கேக்கணும்போல இருந்துச்சு. அதைக் கேக்காம அங்கிருந்து எந்திரிக்க முடியாது.

“மாப்பிள்ளை. உங்ககிட்ட?”

“என்னக்கா?”

“உங்ககிட்ட அவ பயந்திருக்காளா?”

நேர்மையான மனுஷன், நிஜமாவே யோசிச்சார். புருஷன்னா ஒரு தடவையாவது கை ஓங்கியிருக்க மாட்டாரா, குரலை உசத்தியிருக்க மாட்டாரா, ஒரு நாளாவது ‘இவர் என்ன சொல்லுவாரோ’ன்னு அவ எதையாவது மறைச்சிருக்க மாட்டாளா? ஒரு தடவை போதும். பொய்யா இருந்தாலும் போதும், சொல்லிடுங்க மாப்பிள்ளைன்னு மனசுக்குள்ள கும்பிட்டேன்.

“இல்லக்கா,” அப்படின்னார். “எங்கிட்ட அவளுக்குப் பயமே கிடையாது.”

கத்தரியைத் துண்டுல சுத்தி, “எடுத்துட்டுப் போங்கக்கா, பரவால்ல”ன்னு நீட்டினார். வேண்டாம்னு தலையை ஆட்டிட்டு வெளிய வந்தேன். அவர் வாசல் வரைக்கும் வந்து, “படில பாத்துப் போங்கக்கா”ன்னார்.

ரெண்டாவது மாடிப் படில கைப்பிடியைப் பிடிச்சுகிட்டு நின்னு வாய் விட்டு அழுதேன். ஒரு கதவு திறந்து யாரோ, “தங்கச்சியை நினைச்சு அழறீங்களாம்மா?”ன்னு கேட்டாங்க. ஆமாம்னு சொன்னேன். இல்ல. மேல அந்த வீட்டுக்குள்ள தனியா நிக்கற மனுஷன் மேல இருந்த பொறாமைல அழுதேன்.