குளியலறைக் குழாயில் எழுபது வோல்ட்

மாமனார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"நீங்க செக் பண்ணிட்டேன்னு சொல்றீங்க மாப்பிள்ளை, சந்தோஷம். இருந்தாலும் வெளி ஆள் ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அந்த ஆள் என்கிட்ட போன்ல வந்து, கரண்ட் விஷயமெல்லாம் சரியா இருக்குன்னு சொல்லணும். சொன்னா சனிக்கிழமை சுண்டுவைக் கூட்டிட்டு வரேன். இல்லைன்னா திங்கக்கிழமை இங்கேயே ஸ்கூல்ல சேர்த்துடறேன்."

சுண்டு அவன் மகள். ஐந்து வயது. அவளுடைய அம்மா இறந்து பதினான்கு மாதமாகிறது. அன்றிலிருந்து தாத்தா வீட்டில்தான் வளர்கிறாள். அவளை அழைத்துக்கொள்ளத்தான் இந்தப் பழைய வீட்டை வாங்கினான். வாங்கிக் குடிவந்து பதினேழு நாள்.

வெளி ஆள் என்ற சொல் அவனுக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் ஏழு வருடமாக அவன் எடுக்கிற பாடமே மின்பொறியியல்தான். மின்சுற்றுப் படத்தில் எர்த் குறியை, ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறுகிவரும் அந்த மூன்று கோடுகளை, போட மறந்த பையனுக்கு இரண்டு மார்க் குறைப்பான். அதில் கண்டிப்பானவன் என்று பெயர்.

அப்பேர்ப்பட்டவன் வீட்டை வாங்குமுன் சோதித்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு அறையாகப் போய் சுவிட்சைத் தட்டினான். விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. திருப்தியாகத் தலையாட்டினான். வீட்டுக்காரருக்கே ஆச்சரியம், இவ்வளவு சுலபமான ஆளா என்று.

செவ்வாய்க்கிழமை காலை எலெக்ட்ரீஷியன் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி. தெருவில் எல்லோருக்கும் அவர் கரண்ட் அக்கா. சனிக்கிழமை மகள் வரப்போகிறாள் என்று போனிலேயே அவரிடம் சொல்லியிருந்தான். மெயின் பெட்டியைத் திறந்தார். ஒரு வயரைத் தொட்டதும் மேலுறை பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தது.

"யாரு தம்பி இதையெல்லாம் பார்த்துட்டு வாங்குனது?"

"நான்தான்."

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"காலேஜ்ல பாடம் எடுக்கறேன்."

"என்ன பாடம்?"

"அது… பொதுவா… இன்ஜினீயரிங்ல…" என்று மென்று விழுங்கினான்.

அக்கா மேற்கொண்டு தோண்டவில்லை. அறை அறையாகப் போனார். சமையலறை, படுக்கையறை, பிறகு குளியலறை. ஜன்னல் வழியே ஒரு வயரை விட்டு, அதன் நுனியை வெளியே ஈர மண்ணில் செருகிய கம்பியில் கட்டினார். மறுநுனியை மீட்டரில் மாட்டி, கீஸரைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஊசிமுனையைக் குழாயில் வைத்தார்.

"எழுபது வோல்ட். தம்பி, தினமும் இதுலயா குளிக்கறீங்க?"

"ஆமா."

"ஷாக் அடிக்கலை?"

அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

அடித்தது. பதினேழு நாளும் அடித்தது. குழாயைத் தொட்டால் மணிக்கட்டு வரை ஊசி ஊசியாக ஏறும். கல்லூரிக் குழாயில் இல்லை, மாலையில் முகம் கழுவும்போது இல்லை. காலையில் மட்டும், குளியலறையில் மட்டும், கீஸர் போட்டிருந்தால் மட்டும். முதலாண்டுப் பையனுக்கு இந்த மூன்று துப்பும் தாராளம். இவனோ டாக்டரிடம் போனான்.

டாக்டர் கையை அழுத்திப் பார்த்தார். வீட்டில் யார் யார் என்று கேட்டார். மனைவி இல்லை என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அழுதீங்களா?" இல்லை என்றான். சுடுகாட்டில் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. சொந்தக்காரர்கள் அதைக் கவனித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதும் அவனுக்குத் தெரியும். "மனசு அழலைன்னா உடம்பு அழும். நரம்புல காட்டும்" என்று சொல்லி, டாக்டர் நரம்புக்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அவன் அதை அப்படியே நம்பினான். நம்பியதோடு விட்டானா, கொஞ்சம் பெருமையும் பட்டான். கல்நெஞ்சக்காரன் என்று இனி யாரும் சொல்ல முடியாது, துக்கம் மணிக்கட்டு வரை வந்துவிட்டது. தினமும் காலையில் குழாயைத் தொட்டு, அந்த ஊசிகள் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு மனைவியை நினைத்தான். ஒருநாள் இரண்டு முறை தொட்டான்.

இப்போது தெரிகிறது, அவன் நினைத்துக்கொண்டிருந்தது கீஸரை.

அக்கா வீட்டுக்கு வெளியே போய், சுவரோரம் மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டிவிட்டுக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க. அந்தக் காலத்துல எர்த் வயரை இரும்புத் தண்ணிக் குழாயில கட்டியிருக்காங்க. அப்புறம் எவனோ இரும்பை எடுத்துட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கான். வயரை அப்படியே அதுமேல சுத்தி வெச்சுட்டான், மாலை போட்ட மாதிரி. வீட்டுல இருக்கற எர்த் வயரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருக்கு. பூமியோட மட்டும் சேரலை. கீஸர்ல கசியறது எங்க போகும்? குழாய்க்கு, ஃபிரிட்ஜுக்கு, வாஷிங் மெஷினுக்கு. கசிஞ்சா தானா விழற ட்ரிப் சுவிட்சும் இல்லை. நீங்க செருப்போட நின்னீங்களோ என்னவோ, பொழைச்சீங்க."

செருப்போடுதான். குளியலறைத் தரை வழுக்குகிறது என்று ரப்பர் செருப்பைக் கழற்றாமல் குளிப்பான். அவன் உயிர் அவனுடைய படிப்பில் இல்லை, சோம்பலில் நின்றிருக்கிறது.

திரும்பிக் குளியலறைக்கு வந்தார்கள். குழாயடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் முக்காலி இருந்தது. சுண்டு உட்கார்ந்து குளிக்க போன வாரம் வாங்கியது. அக்கா அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

அப்போதுதான் போன் அடித்தது. மாமனார்.

"ஆள் வந்தாச்சா மாப்பிள்ளை? குடுங்க, நானே பேசறேன்."

ஸ்பீக்கரைப் போட்டான். அக்கா வணக்கம் சொன்னார்.

"எப்படிம்மா இருக்கு? எங்க மாப்பிள்ளையே எலெக்ட்ரிக்கல் புரொபசர்தான். அவர் ஏற்கெனவே பார்த்துட்டார். சும்மா என் மனத் திருப்திக்குத்தான் உங்களைக் கூப்பிடச் சொன்னேன்."

அக்காவின் புருவம் நெற்றியின் பாதி வரை ஏறியது. மானம் கப்பலேறுவதை அவன் கண்ணாலேயே பார்த்தான். அவர் போனைக் கையால் மூடினார்.

"எலெக்ட்ரிக்கலா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்தார். "என்ன சொல்லட்டும் தம்பி? சின்ன வேலைதான், ரெண்டு சுவிட்ச் மாத்தணும்னு சொல்லிடவா? சனிக்கிழமைக்குள்ள எப்படியும் முடிச்சுடுவேன். பெரியவரை எதுக்குக் கலவரப்படுத்தணும்?"

நல்ல யோசனைதான். சனிக்கிழமைக்குள் எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது, குழந்தை வந்துவிடும். உண்மையைச் சொன்னால் திங்கட்கிழமை அவள் அங்கேயே பள்ளிக்கூடம் போவாள். நியாயமும் அதுதான். எழுபது வோல்ட் குழாயடியில் முக்காலி வாங்கிப்போட்டவனிடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்?

அவன் போனை வாங்கினான்.

"மாமா, நான் பார்க்கலை. பார்த்தேன்னு சொன்னேன். சுவிட்ச் போட்டா லைட் எரியுதான்னுதான் பார்த்தேன். வீட்டுல எர்த்தே இல்லை. பாத்ரூம் குழாய்ல கரண்ட் வருது."



"எத்தனை நாளா?"

"வந்த நாள்லேர்ந்து."

"உங்களுக்குத் தெரியலையா?"

"கையில ஏதோ மாதிரி இருந்துச்சு. டாக்டர்கிட்ட போனேன்."

"ஷாக் அடிச்சதுக்கா?"

"துக்கம்னு நெனச்சேன் மாமா."

 அந்தப் பக்கம் ஏதோ தொண்டையில் சிக்கியது மாதிரி ஒரு சத்தம். அழுகிறார் என்று அவன் பயந்தான். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். பதினான்கு மாதத்தில் இதுதான் முதல் தடவை. சிரிப்பு ஓயவே இல்லை. கடைசியில் அது வேறு மாதிரி ஆகி, மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"புரொபசர்!" என்றார். "அந்த அம்மாகிட்ட சொல்லுங்க, காசு பார்க்காம எல்லாத்தையும் புதுசாப் போடச் சொல்லுங்க. சனிக்கிழமை வரேன். குழந்தையும் வருவா. ஆனா முதல்ல நான்தான் குளிப்பேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அவளை விட்டுட்டுப் போறேன். ஆச்சுன்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

ஆகிவிட்டால் எப்படிக் கூட்டிக்கொண்டு போவார் என்று அவன் கேட்கவில்லை.

மூன்று நாள் வேலை நடந்தது. வீட்டுக்குப் பின்னால் ஆளுயரக் கம்பி மண்ணுக்குள் இறங்கியது. பழைய வயரெல்லாம் சுவரிலிருந்து உருவப்பட்டு, கூடத்தில் செத்த பாம்புகளாகக் குவிந்தன. புது வயர், புது ட்ரிப் சுவிட்ச், கீஸரும் புதிது. அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்குமேல் அவனை அக்கா நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீஸரைப் போட்டு, மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகு, "இப்ப புறங்கையால தொடுங்க தம்பி" என்றார்.

தொட்டான். வெறும் இரும்பு. கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். கையை எடுக்காமல் நின்றான்.

"என்ன, அடிக்குதா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பழகிடுச்சுக்கா."

"ஷாக்கு கூடவா பழகும்? நல்லா இருக்கு உங்க படிப்பு!" என்று சாமான்களைப் பைக்குள் போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "அழறதா இருந்தா அழுதுடுங்க தம்பி. அதுக்குக் குழாய் எதுக்கு?" என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மாமனார் வந்தார், சொன்ன சொல் மாறாமல். சுண்டு அவனைப் பார்த்துவிட்டுத் தாத்தாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். மாமனார் பையை வைத்த கையோடு கீஸரைப் போட்டுவிட்டு, தோளில் துண்டோடு குளியலறைப் பக்கம் நடந்தார். அவன் குறுக்கே போய் நின்றான்.

"வேண்டாம் மாமா. நான் குளிச்சுக் காட்டறேன்."

"நீங்கதான் பதினேழு நாள் குளிச்சீங்களே, என்ன தெரிஞ்சுது? நகருங்க."

"உங்க வயசுக்கு…"

"என் வயசுக்குத்தான் சொல்றேன். உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அவளுக்கு யாரு இருக்கா?"

இருவரும் கூடத்தின் நடுவில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. காலுக்குப் பின்னால் யாரும் இல்லை.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கதவை நோக்கித் திரும்பினார்கள். 

"அப்பா!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. "துண்டு!"

தாத்தா என்று கூப்பிடவில்லை. மாமனாரும் அதைக் கவனித்தார். தோளிலிருந்த துண்டை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

மாமனார் தோளில் இருந்ததை விட்டால், வீட்டில் இருந்த ஒரே துண்டு அவனுடையது. அதுவும் கொடியில் சொட்டச் சொட்டக் கிடந்தது. கம்பி, வயர், ட்ரிப் சுவிட்ச் என்று நாலு பக்கத்துக்குப் பட்டியல் போட்டவன், ஒரு குழந்தைக்குத் துண்டு வேண்டும் என்று எழுதவில்லை. அலமாரியைத் திறந்து, இஸ்திரி போட்ட தன் நல்ல சட்டையை உருவிக்கொண்டு ஓடினான்.

சுண்டு உடம்பெல்லாம் நீர் வழிய முக்காலிமேல் நின்று அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது சட்டைப்பா."

"தெரியும். கையைத் தூக்கு."