நகம் மாட்டும் கோடு

பவித்ரன் ஆறரை மணிக்கு எழுவான். பல் துலக்கி, தண்ணீர் கொதிக்க வைத்து, பால் சேர்க்காத காப்பி கலப்பான். பூனைக்குச் சோறு வைப்பான். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டி வெயில் வந்து, வாசலில் நிற்கும் கறுப்பு மைவி காரின் மேல் விழும். உடனே வண்டி அவன் மனைவி ஷாமினியின் குரலில் பேசத் தொடங்கும். ஷாமினி இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அவன் நின்றபடியே காப்பியைக் குடித்து முடித்து, குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எட்டே முக்காலுக்கு அதே வண்டியில் ஏறி வேலைக்குப் போவான். போகும் வழியில் வெயில் எந்தப் பக்கம் படுகிறதோ அந்தப் பக்கம் பேசும். லகாட் சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பச்சை விழுந்ததும் போய்விடுவார்கள்.

காரணம் யாருக்கும் புதிராக இல்லை. ஷாமினி ஞாயிறுதோறும் காலையில் வண்டி கழுவுவாள். பழைய சரோங் கைலியை நாலாய் மடித்து நனைத்து, தோசை மாவை இழுப்பது போல வட்டம் வட்டமாகத் தேய்ப்பாள். தேய்க்கிற கை நிற்காத மாதிரியே வாயும் நிற்காது. கறுப்புப் பெயிண்டில் அப்படித் தேய்த்தால் சிலந்தி வலை போல மெல்லிய வட்டக் கீறல்கள் விழும். நிழலில் தெரியாது, சாய்ந்த வெயில் பட்டால் அத்தனையும் எழுந்து நிற்கும். நாலு வருடப் பேச்சு அந்தக் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கறுப்பு வண்டி ஆகாது என்று அவள் அம்மா சரளா வாங்கும்போதே சொன்னார். கறுப்பில்தான் மேகம் தெரியும் என்று ஷாமினி அதையே வாங்கினாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வண்டியின் மேல் கிடந்த போர்வையை எடுத்த காலையில் முதன்முதலாகப் பேசியது. லகாட்டில் உணவுக்கடை வைத்திருக்கும் சிக்கந்தர் அன்றே வந்து கேட்டார். "பழைய ரெக்கார்டு தட்டு மாதிரி லா," என்றார். "ஊசிக்குப் பதிலா வெயிலு. இதுல என்ன இருக்கு."

குரல் இருந்தது, பேச்சு புரியவில்லை. ஒரு வட்டத்தின் மேல் நூறு வட்டம் விழுந்திருந்ததால், காலைச் சந்தையை மூன்று தெரு தள்ளி நின்று கேட்பது போலிருந்தது. பவித்ரனுக்கு அதிலிருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் வேண்டும். அவள் இறந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் பந்தாட்ட முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஓட்டுநர் பக்கக் கதவைக் கழுவிக்கொண்டிருந்தவள் அவனைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவன் காதில் வாங்காமல் "ம்" என்றான். அவள் மறுபடி ஏதோ சொன்னாள். பிறகு குழாய்த் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது. நாலு நிமிடம் கழித்துத்தான் எழுந்து போனான். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது, வலி தெரிந்திருக்காது என்றார் மருத்துவர். துக்க வீட்டில் வந்தவர்கள் எல்லாம் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றான். சரளா ஒவ்வொருவரிடமும் "அம்மான்னுதான் கூப்ட்டிருப்பா" என்றார். அவன் மறுக்கவில்லை.

அந்தத் தாமான் குடியிருப்பு முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம். தோட்டம் கலைந்த பிறகு அதே சனத்தில் பாதி அங்கேயே கல்வீடு வாங்கிக் குடியிருந்தது. ஒரு வீட்டுச் சங்கதி அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் அங்கே இருந்ததில்லை. முதலில் தெருக்காரர்கள் வந்தார்கள். பின்பு கோயில் கமிட்டியினர் வந்து, முன்மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கைநிறையத் திருநீறு பூசிவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் காய்ந்த சந்தனத்தைக் காய்ந்த துணியாலேயே துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தார்கள். ஆயுத பூசைக்கு மறுநாள் ஊரில் எல்லா வண்டிகளுக்கும் நடப்பதுதான். திருநீறு மணல்தூள் மாதிரி; பெயிண்டை அராவும். துடைத்தவர்கள் துடைக்கும்போது என்ன வேண்டிக்கொண்டார்களோ அதுவும் கீறலாக விழுந்தது. பெரும்பாலும் லாட்டரிக்கு நாலு நம்பர். கமுந்திங்கிலிருந்து வந்த ஒருவருக்கு நம்பர் அடித்துவிட, அவர் மாலையோடு திரும்பி வந்தார், கூட ஒரு வேன் ஆட்களும் வந்தார்கள். தைப்பூசம் முடிந்தபோது வண்டி காலையில் பதினெட்டுக் குரல்களில் "நம்பர் குடு தாயே" என்று கேட்டது. அதற்கு அடியில் ஷாமினி, பக்கத்து வீட்டு வானொலி போல எங்கேயோ பேசிக்கொண்டிருந்தாள்.

சரளா வாரத்துக்கு மூன்று நாள் காம்பாரிலிருந்து பஸ் ஏறி வந்து, வண்டிக்கு அருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். அவரிடம் சொல்லாமல் வண்டியில் கைவைக்க முடியாது.

"பாலிஷ் போடப் போறேன் அத்தை."

"போட்டா?"

"கீறல் போயிரும்."

"அவ குரலு?"

அவன் பூனையைப் பார்த்தான்.

"ம்முன்னாச்சும் சொல்லு லா தம்பி. இந்த ஒரு 'ம்'ம வச்சிக்கிட்டு எம்மக உங்கூட எப்படித்தான் நாலு வருசம் பேசினாளோ."

"இப்படியே விட்டா நம்பர் மட்டுந்தான் மிஞ்சும் அத்தை. அவ கடைசியா சொன்னது டிரைவர் பக்கத்துக் கதவுல அடியில கெடக்கு. மேல உள்ளத எடுத்தாதான் கேக்கும்."

சரளா வெயில் நகர்ந்து வண்டி ஊமையாகும்வரை உட்கார்ந்திருந்தார். "அந்தக் கதவ கடைசியில செய்யி," என்று சொல்லிவிட்டு எழுந்தார். "முதல்ல கை பழகட்டும்."

பவித்ரன் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தடிமன் அளப்பவன். மைக்ரான் கணக்கு அவனுக்குத் தெரியும். ஆனால் பாலிஷ் மிஷினை வாழ்நாளில் தொட்டதில்லை. பதினாலு வீடியோ பார்த்தான். நிறத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கிறது, அது ஒரு தலைமுடியைவிட மெல்லியது, கீறல்கள் இருப்பது அதில்தான், பாலிஷ் என்பது அந்தப் பூச்சையே கீறலின் அடிமட்டம்வரை சீவி எடுப்பது என்று புரிந்துகொண்டான். பதினாலு பேரும் ஒரே விதியைச் சொன்னார்கள். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார். நகம் மாட்டாவிட்டால் போய்விடும். மாட்டினால் போகாது, பிடிவாதமாகத் தேய்த்தால் பூச்சு போய்விடும். மிஷினைச் சிக்கந்தர் கொடுத்தார். கடையின் பளிங்கு மேசைகளுக்காக வாங்கியது. "மேச பளபளன்னு இருந்தா ஒருத்தனும் எந்திரிச்சுப் போவமாட்டேங்கிறான்," என்றார். "அதான் நிறுத்திட்டேன். நீ எடுத்துக்க."

புதியவர்கள் செய்யும் தப்பு எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. மிஷினைப் பெயிண்டில் பதித்த பிறகு போடவேண்டிய சுவிட்சைத் தூக்கிப் பிடித்தபடி போட்டான். பஞ்சில் தடவிய பாலிஷ் மருந்து சுவரிலும் சட்டையிலும் பூனையிலும் தெறித்தது. பூனை இரண்டு நாள் வீட்டுப்பக்கம் வரவில்லை. வெயிலில் நின்ற சூடான தகட்டில் வேலை செய்தான். மருந்து சிமெண்டு போல இறுகி, அதைச் சுரண்ட ஒரு பகல் போயிற்று. மூன்றாவது தப்பு பெரியது. இடதுபக்கப் பின்சக்கரத்துக்கு மேலுள்ள விளிம்பில் டேப் ஒட்டாமல் மிஷினை அழுத்தினான். விளிம்பில் பூச்சு இன்னும் மெல்லியது. கீறல் ஒவ்வொன்றும் அழியும் கணத்தில் தன் வாக்கியத்தை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டுப் போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. "உண்மைய சொல்லவா பவி, எனக்கு உங்களைப் புடிச்சதே உங்க" என்றது விளிம்பு. அதற்குள் கறுப்பு கருகி, அடியில் சாம்பல்நிறம் நாணயம் அளவுக்குத் தெரிந்தது. மீதி வார்த்தை வரவில்லை.

அவன் மிஷினைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சாம்பல் பொட்டையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான். ரொட்டி கொண்டுவந்திருந்த சிக்கந்தரும் குனிந்து பார்த்தார்.

"மூக்கா இருக்கும் லா," என்றார். "வேற ஒண்ணும் இல்ல உன்கிட்ட."

அடுத்த மூன்று வாரம் அவன் வண்டியைத் தொடவில்லை. தொழிற்சாலையில் வீணாய்ப் போன ஒரு கறுப்புத் தகட்டைக் கேட்டு வாங்கிவந்து, அதில் கை பழகினான். கையை எவ்வளவு மெதுவாக நகர்த்தவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்பது எண்ணாமலே வரும்வரை தேய்த்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சரியாகத் தொடங்கினான். இரண்டு வாளி வைத்துக் கழுவினான். ஒன்றில் சவர்க்காரம், ஒன்றில் துணி அலசும் தண்ணீர். பெயிண்டில் ஒட்டியிருந்த பிசுக்கை, களிமண் போன்ற பிசின் கட்டியை உருட்டி எடுத்தான். விளிம்புகளுக்கெல்லாம் டேப் ஒட்டினான். நிழலில் நிறுத்தி, கூரையில் ஒரு முழம் அளவில் முதலில் சோதித்தான். நுரைப் பஞ்சில் நாலு சொட்டு மருந்து, நேர்கோட்டில் கை, பிறகு மெல்லிய துணியால் ஒரே வழிப்பு. துடைத்த இடத்தில் வானம் இருந்தது.

ஞாயிற்றுக்கு ஒரு பகுதியாக ஒன்பது ஞாயிறு ஆயிற்று. நம்பர் கேட்டவர்கள் அவசரத்தில் துடைத்தவர்கள், அவர்களின் கீறல்கள் மேலாக இருந்தன, அவை முதலில் போயின. அதற்குப் பிறகு எல்லாம் ஷாமினிதான். மிஷின் இரைச்சலுக்கு நடுவில் பூண்டு தீர்ந்துவிட்டது என்றாள். தான் சொல்லிக்கொடுக்கும் பாலர் பள்ளியில் ஒரு பிள்ளை மேசைமேல் ஏறி நின்று பாடியதைச் சொன்னாள். உங்கள் ம்முக்கு ஒரு அகராதி போடவேண்டும் என்றாள். பின்கதவு, "அம்மா வாராங்களாம், அயில மீனு வாங்கி வைங்க, இல்லன்னா மூஞ்சிய தூக்கி வச்சிக்குவாங்க" என்றது. மகள் போன பிறகு சரளா அன்றுதான் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் எங்கடி மூஞ்சிய தூக்கினேன்," என்று பின்கதவிடம் கேட்டார். அது அதற்குள் பளபளவென்று ஆகி ஊமையாகியிருந்தது. அலசிய பஞ்சின் தண்ணீர் சாக்கடையில் ஓடும்போது தெருமுனைவரை முணுமுணுத்தது. மூலைவீட்டுக்காரர்கள் பூண்டு வாங்கிவைத்துக்கொண்டார்கள்.

பத்தாவது ஞாயிறு ஓட்டுநர் பக்கக் கதவு. சரளா வந்திருந்தார், சிக்கந்தர் கடையை மதியம்வரை வேலையாட்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். பவித்ரன் கதவைக் கழுவி, டேப் ஒட்டி, கட்டைவிரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினான். நெஞ்சு உயரத்தில் ஓரிடத்தில் நகம் மாட்டியது. ஒரு சாண் நீளத்தில் சற்றே வளைந்த கோடு. அவள் வளையல் கீறிய கோடு. ஈரக்கையைக் கதவில் ஊன்றியபடி வீட்டுப்பக்கம் திரும்பி நின்று கேட்டிருக்கிறாள். அவன் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தான். பிறகு இருப்பதிலேயே மென்மையான பஞ்சை மாட்டினான்.

முதல் சுற்றில் நம்பர்கள் போயின. இரண்டாம் சுற்றில் மழை, மீன், மின்விசிறிச் சத்தம் பற்றிய பேச்சுகள் போயின. கடைசியாகக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வட்டம் அழிந்தது. "என்னங்க, பசியாற தோசை ஊத்தவா, இல்ல சிக்கந்தர் அண்ணே கடைக்குப் போலாமா?" என்று கேட்டுவிட்டு அதுவும் போயிற்று. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. சிக்கந்தர் தொப்பியை எடுத்து மறுபடி வைத்தார். "அன்னிக்கி ஆட்டு சூப் இருந்துச்சு லா," என்றார் யாரையும் பார்க்காமல்.

கோடு இன்னும் இருந்தது, கொஞ்சம் மங்கலாக. மூன்றாம் சுற்றுக்குக் கை தானாகப் போயிற்று. வீடியோக்காரர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் வண்டியைக் கெடுத்ததாகச் சொல்லியிருந்தார்கள். பவித்ரன் சுவிட்சை அணைத்தான். மருந்தைத் துடைத்தான். டேப்பை உரித்தான். "போதும்," என்றான்.

மறுநாள் அவன் வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தான். சரளா இரவு அங்கேயே தங்கியிருந்தார், சிக்கந்தரும் விடிந்ததும் வந்துவிட்டார். எட்டு மணிக்கே தெரு முழுக்க வெளியே நின்றது. வண்டி கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. தூரத்துச் சுண்ணாம்பு மலை முன்மூடியில் தலைகீழாக நின்றது, மேகங்கள் கூரைமேல் ஏறிப் பின்பக்கம் இறங்கின. இரண்டு மைனாக்கள் குளிக்க வந்து, வழுக்கி விழுந்து, கோபத்தோடு போயின. எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வெயில் வந்தது. முன்மூடி பேசவில்லை. கூரை பேசவில்லை. ஒரு பொட்டுக் கீறல் இல்லாத கறுப்பின் நடுவில் அந்த ஒற்றைக் கோடு வெள்ளிக்கம்பியாக மின்னி, ஒரே ஒரு வாக்கியம் சொன்னது. பக்கத்தில் நின்று சொல்வது போல அவ்வளவு தெளிவு.

தெரு அவனைப் பார்த்தது. பவித்ரன் காப்பிக் குவளையை மதில்மேல் வைத்தான்.

"தோசையா, சிக்கந்தர் அண்ணே கடையான்னு கேட்ட," என்றான். "கடைக்குப் போலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நாலாம் வீடுவரை கேட்ட அந்தச் சிரிப்பை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சரளா கதவருகே போய்க் கோட்டை விரல் படாமல் பார்த்தார். "அம்மான்னு சொல்லல," என்றார். பிறகு, "பரவால்ல. எம்மகதான் இது," என்று முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மூவரும் லகாட்டுக்குப் போய்ப் பசியாறினார்கள். ஆட்டு சூப் அன்றும் இருந்தது.

அதற்குப் பிறகு யாரும் நம்பர் கேட்டு வரவில்லை. இப்போது வண்டிதான் கேள்வி கேட்டது. பவித்ரன் ஞாயிறுதோறும் இரண்டு வாளி வைத்து, நேர்கோட்டில் கழுவினான், வாயைத் திறக்காமல். ஆயுத பூசைக்குச் சந்தனத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொள்ளலாம் என்று கோயில் ஐயர் ஒத்துக்கொண்டார். ஈப்போ நகரத்துப் பெயிண்டு கடைக்காரர் ஒருவர் சாம்பல் பொட்டையும் கோட்டையும் சேர்த்து மறைத்துத் தருவதாகச் சொன்னார். பொட்டை மட்டும் மறைக்கச் சொன்னான். மழை நாளில் கதவு பேசாது. வெயில் நாளில் எட்டு மணி பத்து நிமிடத்துக்குத் தவறாமல் கேட்கும், அவனும் தவறாமல் பதில் சொல்வான். சில நாள் தோசை, சில நாள் கடை. தெருவில் கடிகாரம் சரிபார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கோடு சொல்லும் அந்த வாக்கியம் அவர்களுக்கு மனப்பாடம்.

"ம்முன்னா என்ன லா அர்த்தம்? நான் இப்ப என்ன கேட்டேன், சொல்லுங்க பாப்போம்."