கடைசிப் பெயர் கட்டாயம்

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து கடிதங்களில் யாருடைய பெயரும் வரவில்லை. ‘அன்புள்ள’ என்று இருந்தது. அதன் பிறகு ஒரு காற்புள்ளி இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய ஆள் இல்லை.

கமலவேணி குடியிருப்பு உறுதி வாரியத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறாள். வாரியம் ஆண்டுக்கு ஒருமுறை ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் அனுப்பும். நீங்கள் உங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறீர்கள் என்று அதில் எழுதியிருக்கும். அது வந்தால் அவர் அங்கே குடியிருக்கிறார். வராவிட்டால் இல்லை. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. கடிதம் எப்படியும் வந்துவிடும்.

கடிதத்தை அவள் ஒரு மென்பொருளில் அடிப்பாள். பெயர்களும் முகவரிகளும் மெயில் மென்பொருளின் அட்ரஸ் புக்கில் இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் பெயர்கள் அங்கிருந்து கிளம்பி வந்து கடிதத்தில் உட்காரும். இந்தச் செவ்வாய்க்கிழமை அவை கிளம்பவில்லை. நான்காம் வார்டின் பழைய உறுதி திங்களோடு முடிந்திருந்தது. கமலவேணியின் வீடும் நான்காம் வார்டில்தான் இருந்தது. ஊழியர்களுக்கு மட்டும் தனிப் பட்டியல் உண்டு. அதில் குடும்பத்தினர் வரமாட்டார்கள்.

பத்து மணிக்கு அவள் கணவர் போன் செய்தார். மில்லில் கால் நசுங்கி, இரண்டு ஆண்டுகளாக வீட்டோடு இருப்பவர்.

“பால் பாக்கெட் எடுக்க வெளிய வந்தேன். இப்ப உள்ள போக முடியல.”

“சாவி இல்லையா?”

“சாவி இருக்கு. கதவு யாருன்னு கேக்குது.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். லிஸ்ட்ல இல்லைங்குது.”

“நிழல்ல உக்காருங்க. நான் பாக்கறேன்.”

“நிழல் எதிர்வீட்டுக்காரரோடது. அவரும் வெளியதான் நிக்கறாரு. தரமாட்டேங்கறாரு.”

கமலவேணி போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாரியத்தின் வாசலில் நான்காம் வார்டு நின்றுகொண்டிருந்தது. வெளியே வந்தபோது கையில் என்ன இருந்ததோ அதோடு வந்திருந்தார்கள். ஒருவர் வாயில் பிரஷ் இருந்தது. ஒரு பெண்ணுக்குப் பாதிப் பின்னல் போட்டிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை.

சூப்பிரண்டென்ட் உமாபதி அவள் மேசைக்கு வந்தார். எப்போதும் போல் அவளைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசினார்.

“அஞ்சு மணிக்கு லிஸ்ட் மூடிரும். அதுக்குள்ள லெட்டர் போகாத வீட்டையெல்லாம் காலின்னு எழுதிடணும்.”

“அப்ப அந்த ஜனங்க சார்?”

“அவங்களுக்கு நம்ம ரெஜிஸ்டர்ல கட்டம் கிடையாதும்மா.”

ஹெல்ப் டெஸ்க் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் இருந்தது. ஏறும்போது அது இருக்காது. இறங்கும்போது மட்டும்தான் இருக்கும். கமலவேணி நாலாம் மாடி வரை ஏறிவிட்டு இறங்கினாள்.

உள்ளே ஜெபராஜ் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், தெற்குப் பக்கத்துக்காரர். அவருக்கு மேசை கொடுக்கவில்லை. மடியில் கீபோர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எத முதல்ல திறந்தீங்க மேடம்?”

“லெட்டரத்தான்.”

“அதான். மெயில் தூங்கிட்டு இருக்கும்போது லெட்டர் போய் ஆள் கேட்டா, யாரு தருவா?”

அவள் மேசைக்கு வந்து இரண்டையும் மூடினார்கள். மெயிலை முதலில் திறந்தார்கள். அது விழிக்கும்வரை காத்திருந்து கடிதத்தைத் திறந்தார்கள். இப்போது காற்புள்ளியும் வரவில்லை. முகவரிப் புத்தகம் எதுவும் இல்லை என்று திரையில் எழுதியிருந்தது.

ஜெபராஜ் அதை மூன்று முறை படித்தார்.

“புக்கு யாரு பேர்ல இருக்கு?”

“துரைக்கண்ணு சார் பேர்ல. அவர்தான் முதல்ல ஏத்தினாரு.”

“அவரு எங்க?”

“போன வருஷம் தவறிட்டாரு.”

“அது கெடக்கட்டும். எந்த ரூம்?”

துரைக்கண்ணுவின் அறை நடைவழியின் கடைசியில் இருந்தது. இருவரும் நடந்தார்கள். நடைவழி அன்றைக்கு நீளமாக இருந்தது. சிவப்பு மணல் வாளி ஒன்றை மூன்று முறை கடந்தார்கள். மூன்றாவது முறை வாளியில் மணல் குறைந்திருந்தது. போய்ச் சேர ஒரு மணி நேரமும் நாற்பது நிமிடமும் ஆயின.

துரைக்கண்ணு தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கமலவேணி அவருடைய இறுதி ஊர்வலத்தில் தெருமுனை வரை போனவள். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

“என் அக்கவுண்ட்ட யாரும் மூடலம்மா,” என்றார் அவர். “அதான் உக்காந்திருக்கேன்.”

“சார், ஒரு டிக் போடணும்,” என்றார் ஜெபராஜ். “இந்தப் புத்தகத்தை முகவரிப் புத்தகமாகக் காட்டுன்னு ஒரு கட்டம் இருக்கும்.”

“இத்தன நாள் அது என்ன புத்தகமா இருந்துது?”

“வெறும் புத்தகம் சார்.”

துரைக்கண்ணு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய மௌசின் மேல் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது.

“டிக் போட்டா அக்கவுண்ட் உங்க பேருக்கு மாறிடும். அப்ப நான் போயிடலாமா?”

கமலவேணி ஜெபராஜைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

“போயிடலாம் சார்.”

“வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“இன்னிக்கு வெளிய நிக்கறாரு சார்.”

துரைக்கண்ணு டிக் போட்டார். நாற்காலி காலியாக இருந்தது. ஜெபராஜ் மின்விசிறியை நிறுத்தினார். திரும்பிவர நாலு நிமிடம்தான் ஆயிற்று.

மணி ஒன்றே முக்கால். கமலவேணி பொத்தானை அழுத்தினாள். முந்நூற்று நாற்பது பெயர்களும் கடிதத்தின் வாசல்வரை வந்தன. அங்கே நின்றுவிட்டன.

‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்று திரையில் வந்தது.

“கடைசிப் பேருன்னா?” என்று கேட்டாள்.

“லெட்டர்ல பேருக்கு ரெண்டு கட்டம் இருக்கு மேடம். முதல் பேரு, கடைசிப் பேரு. புக்குல ஒண்ணுதான் இருக்கு.”

“நமக்கெல்லாம் ஒரு பேருதானே? முன்னாடி இனிஷியல் இருக்கு.”

“இனிஷியல் முன்னாடி இருக்கு. அது கடைசியில கேக்குது.”

“என்னத்தப் போடறது?”

ஜெபராஜ் உதவிக் குறிப்பைத் திறந்து படித்தார். அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. கடைசிப் பெயர் என்பது ஒருவர் கடைசியாக எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாரோ அந்தப் பெயர்.

இருவரும் ஒரு மேசையையும் கம்ப்யூட்டரையும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜெபராஜ் வரிசையைச் சரிசெய்தார். கமலவேணி கேட்டுக் கேட்டு அடித்தாள்.

பிரஷ்ஷோடு நின்றவர் முதலில் வந்தார். வாயிலிருந்து அதை எடுத்துவிட்டுப் பேசினார்.

“சார்னு கூப்பிட்டாங்க. பேங்க்ல இருந்தப்போ. ஏழு வருஷம் ஆச்சு.”

“அதுக்கப்புறம் யாரும் கூப்பிடலையா?”

“இல்ல.”

அவள் ‘சார்’ என்று அடித்தாள். கடிதம் வந்தது. அவர் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்து போனார்.

பாதிப் பின்னல் போட்ட பெண் வந்தாள்.

“சனியனே.”

“யாரு சொன்னது?”

“மாமியார். காலைல தல வாரிட்டிருக்கும்போது. ‘னி’க்கு ரெண்டு சுழி ‘ன’ போடுங்க.”

‘அன்புள்ள சனியன்’ என்று கடிதம் வந்தது. அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒருவரை ரேஷன் கடையில் ‘அடுத்த ஆளு’ என்று கூப்பிட்டிருந்தார்கள். கடிதத்தோடு வீட்டுக்குப் போன அவர், தனக்கு முன்னால் ஒருவர் உள்ளே போகட்டும் என்று வாசலிலேயே நின்றுவிட்டதாகப் பிறகு தெரிந்தது. மிகவும் வயதான ஒருவருக்கு யார் எப்போது கூப்பிட்டார்கள் என்றே நினைவில்லை. கமலவேணி, “பெரியவரே, யோசிச்சுச் சொல்லுங்க,” என்றாள். அவர் முகம் மலர்ந்தது. “இதையே போடும்மா,” என்றார்.

நடுநடுவே ஆண்கள் பலர் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

“காலைல சம்சாரம் கூப்பிட்டா.”

“என்னன்னு?”

“ஏங்கன்னு.”

கமலவேணி ‘ஏங்க’ என்று அடித்தாள். அந்தக் கடிதங்கள் மட்டும் உடனே வரவில்லை. கடைசியில் மொத்தமாக வரும் என்றது திரை. அந்த ஆண்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அவள் இதைப் பற்றி யோசிக்கவில்லை. வரிசை நீளமாக இருந்தது.

நாலே முக்காலுக்கு வரிசை முடிந்தது. பட்டியலில் ஒரு வரி மட்டும் மிச்சமிருந்தது. அது அவள் கணவருடைய வரி. அந்தக் காலோடு அவரால் வாரியம்வரை வர முடியாது.

“உங்க சாரைக் கடைசியா யாரு கூப்பிட்டது?” என்று கேட்டார் ஜெபராஜ்.

“நான்தான்.”

“என்னன்னு?”

கமலவேணி ஓரத்தைக் கண்ணால் காட்டினாள். ஓரமாக நிற்கும் ஆண்களை ஜெபராஜ் பார்த்தார். அவர்கள் எண்ணிக்கை அவருக்குப் பிடிக்கவில்லை.

“மேடம், அந்தப் பேரு வேண்டாம். போன் பண்ணி ஒரு தடவ அவரு பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. அதுதான் கடைசிப் பேரு ஆயிரும். ஒரு தடவ போதும்.”

அவளுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள். அந்தப் பெயரை அவள் விண்ணப்பங்களில் எழுதியிருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறாள். வாயால் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்றே சொல்லியிருந்தார்கள். அவள் அதை நம்பவில்லை. நம்பாமலே சொல்லாமல் இருந்தாள்.

போன் செய்தாள். நான்கு மணி ஐம்பத்தாறு.

“ஹலோ,” என்றார் அவர். குரல் வெயிலில் காய்ந்திருந்தது.

பெயர் அவள் தொண்டையிலிருந்து புறப்பட்டது. நாக்குக்கு வந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஜெபராஜ் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏங்க,” என்றாள்.

“ம்.”

“ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரத்துல ஆயிரும்.”

“சரி. பால் திரிஞ்சு போச்சு.”

லைன் அறுந்தது. மறுபடி போட்டாள். போன் அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் சொன்னாள். நான்கு மணி ஐம்பத்தெட்டு. கட்டம் காலியாக இருந்தால் வரி தள்ளப்படும். கமலவேணி ‘ஏங்க’ என்று அடித்தாள்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. ஒரே பெயரில் அறுபத்து நான்கு பதிவுகள் உள்ளன, அவை ஒன்றாக்கப்படும் என்றது. கீழே ஒரே ஒரு பொத்தான் இருந்தது. அதில் ‘சரி’ என்று எழுதியிருந்தது.

“வேண்டாம்னு ஒரு பட்டன் இல்லையா?”

“இருந்துச்சு. போன அப்டேட்ல எடுத்துட்டாங்க.”

“ஒண்ணாக்கினா எந்த வீட்டுக்குப் போகும்?”

“கடைசியா அடிச்ச அட்ரஸ் எதுவோ, அதுக்கு.”

“அழுத்தாட்டி?”

“அறுபத்துநாலு பேரும் வெளியதான் மேடம்.”

அவள் ஓரமாக நின்ற ஆண்களைப் பார்த்தாள். அவர்களும் அவளைப் பார்த்தார்கள். ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கமலவேணி அழுத்தினாள்.

ஓரத்தில் செருப்புகள் மட்டும் இருந்தன.

ஐந்து அடித்தது. உமாபதி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “லிஸ்ட் முழுசா போயிடுச்சு, நல்ல வேலை,” என்று கம்ப்யூட்டரிடம் சொன்னார்.

வெயில் இறங்குவதற்கு முன்பே கமலவேணி வீட்டுக்குப் போய்விட்டாள். கதவு அவளை ஒன்றும் கேட்கவில்லை. கூடத்தில் ஒரு மனிதர் லுங்கியோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காது அவளுக்குத் தெரிந்த காது. மீசை யாருடையது என்று தெரியவில்லை. எழுந்து நடந்தபோது கால் நொண்டவே இல்லை. கூர்ந்து பார்த்தால், அறுபத்து நான்கில் ஒரு பங்கு நொண்டியது.

“சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“சாப்பிட்டேன். எந்த வீட்லன்னு ஞாபகம் இல்ல.”

வாசலில் யாரோ இருமினார்கள். அறுபத்து மூன்று பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “உள்ள வரலாமாக்கா?” என்று கேட்டாள்.

வந்தார்கள். ஒவ்வொருத்தியும் அவர் முன்னால் போய் நின்று “ஏங்க” என்றாள். அவர் ஒவ்வொருத்திக்கும் “ம்” என்றார். ஒருத்தி கேஸ் புத்தகம் எங்கே என்று கேட்டாள். பீரோ மேல் என்றார். சரியாகத்தான் சொன்னார். ஒருத்தி பெரியவளுக்கு ஜுரம் விட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு அழுதாள். அவர் ஜுரத்தைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். எந்தக் குழந்தை என்று மட்டும் கேட்டார்.

“உங்க வீட்டுக்கு வந்துட்டாரு,” என்றாள் ஒருத்தி கமலவேணியிடம். “நீங்க குடுத்து வெச்சவங்க.” அதைச் சொன்னபோது அவள் குரலில் கோபம் இல்லை.

கமலவேணி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். டம்ளர்கள் போதவில்லை. சொம்பில் கொடுத்தாள். பிறகு அவர் அருகே போய்க் குனிந்தாள். அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

“திருஞானமூர்த்தி,” என்றாள்.

அவ்வளவு எளிதாக வந்தது. நாக்கு எரியவில்லை. கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் பேப்பரை இறக்கினார்.

“யாருங்க அது?”

“முன்னாடி இந்த வீட்ல இருந்தவரு.”

அவர் அறுபத்து நான்கு பேர் யோசிக்கும் அளவுக்கு யோசித்தார்.

“அவரு பேருக்கு லெட்டர் ஏதாவது வந்தா திருப்பி அனுப்பிடுங்க,” என்றார்.