தீயணைப்பானோடு எடுத்த போட்டோ

1

படப்பையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது கிடைத்த கதை இது. பக்கத்தில் ஒரு பெண் போனில், "படிச்சுப் பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்க்கா" என்றாள். அவ்வளவுதான். சுகப்பிரியா என்று பெயர் வைத்தது நான். சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம் என்பதும் என் ஊகம்.

2

2015. இருட்டறையில் ஒரு கொடூரன் கம்ப்யூட்டர் முன்னால்...

(வேண்டாம். வார இதழ்க்காரர்களுக்கு வில்லன் முகம் வேண்டும். இதில் முகமே கிடையாது.)

வடக்குப்பட்டில் கார் பாகங்களுக்குத் தகடு அடிக்கும் பிரஸ் பட்டறை, பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். சுகப்பிரியா அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவள். பாகங்கள் வாங்கும் கார் கம்பெனியிலிருந்து படிவம் வந்தது: எங்கள் வரைபடங்கள் உங்களிடம் இருக்கின்றன. கம்ப்யூட்டரை வைரஸ் தாக்கினால் என்ன செய்வதென்று ஒத்திகை பார்த்தீர்களா? ஆதாரம் இணைத்து, பொறுப்பாளர் கையெழுத்திடவும்.

"ஃபயர் டிரில் போட்டோ கீதே, அத்தையே வெச்சி அனுப்பு" என்றார் முதலாளி சபாபதி.

"சார், அதுல தீயணைப்பானப் புடிச்சுக்கிட்டுல்லா நிக்கோம்!"

"அவனுங்க இன்னாத்த பாக்கப் போறானுங்க? கம்ப்யூட்டர் உன் கையிலதான கீது, நீயே கையெழுத்துப் போட்டுடு."

மற்றதைப் படித்துப் பார்க்காமலே போட்டாள்.

3

(வரைபடங்களை வேறோரிடத்தில் நகலெடுத்து வைப்பது அரை மணி நேர வேலை. அதை அவளைச் செய்ய வைத்திருக்கலாம். அப்புறம் கதை ஏது?)

இரண்டே மாதம். பில் என்று வந்த மெயிலைத் திறந்தாள். அதன்பின் ஒரு வரைபடமும் திறக்கவில்லை. பணம் கட்டினால் திறப்போம் என்றது திரை. பிரஸ் நின்றது. பாகம் போகாமல் கார் கம்பெனியின் உற்பத்தி லைனும் நின்றது. கம்பெனியின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது: ஒத்திகை நடந்தது உண்மையானால், கையெழுத்திட்டவர் பிரமாணப் பத்திரம் தரவேண்டும்.

"நடந்துச்சின்னு எழுதிக் குட்துடும்மா. இல்லாங்காட்டி ஆர்டர் பூடும். பன்னெண்டு பேரும் வூட்டுக்குப் போவணும்."

"பொய்யின்னு தெரிஞ்சா கேசு எம்மேலல்லா சார் வரும்?"

சபாபதி முத்திரைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

4

முடிவு ஒன்று: எழுதிக் கொடுக்கிறாள். ஆர்டர் தப்புகிறது. பிறகு யாரோ அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி...

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். ஷட்டர் இறங்குகிறது. கூட வேலை பார்த்தவர்கள் அவளிடம்...

இரண்டையும் அடித்துவிட்டேன். நான்கு தடவை பேனாவை அவள் கையில் கொடுத்தேன். நான்காவது தடவை கீழே வைத்துவிட்டாள்.

"அவரும் எழுதுங்காரு, நீங்களும் எழுதுங்கிய. எம்பேரே நீங்க வச்சதுதான? கையெழுத்தையும் நீங்களே போடுங்க."

எனக்குப் பயமாக இருக்கிறது. பத்திரம் நாளைக் காலை பத்து மணிக்குள் போய்ச் சேரவேண்டும். கையெழுத்துக்கான இடம் இன்னும் காலி. பேனா இப்போது உங்கள் பக்கம்.

படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.