முட்டியில் இல்லாத தங்கம்

ஆந்தோங் ஊரில் ஒரு சின்ன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. எங்கள் பக்கத்துப் பெண்களின் முட்டிகள் எனக்கு அத்துப்படி. மிளகாய்க் காட்டில் குந்திக் குந்தித் தேய்ந்தவை. வலி பொறுக்க முடியாதவர்கள் தங்க ஊசிக்காரரிடம் போவார்கள். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைத் துண்டு துண்டாகத் தோலுக்கடியில் விட்டுவிடுவார். வலி போகுமோ போகாதோ, தங்கம் போகாது. படத்தில் வெள்ளை எள்ளைச் சிந்தியது போலத் தெரியும்.

அன்று மா ஜோங்ரே என்ற பெயரில் ஒருத்தி வந்தாள். மறுநாள் முட்டியில் அறுவை. அந்தப் பெயரிலிருந்த பழைய படத்தில் இரண்டு முட்டியிலும் தங்கம் இறைந்து கிடந்தது. நான் எடுத்த படமோ துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"தங்கம் எங்கம்மா?"

"கரைஞ்சிருச்சு தம்பி. ஒசத்தித் தங்கம், எலும்புல ஊறிப்போச்சு."

"கரையறதுக்கு அது என்ன கல்கண்டா?"

அவள் கூரையைப் பார்த்தாள். அடுத்தவர் காப்பீட்டு அட்டையில் வருவது இங்கே புதிதல்ல. அக்கா தங்கை என்றால் அதைத் தப்பென்றே நினைக்க மாட்டார்கள். எனக்கு எரிச்சல் வந்தது.

"நீங்க யாரு?"

"அவ தங்கச்சி, பொக்ஹி. ஆப்பிள் தோட்டம் நொடிச்சதுல என் காப்பீடு நின்னுபோச்சு. காட்டிக் குடுத்திராத தம்பி."

"உங்களுக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டா?"

"மயக்க ஊசிதான். குடல்வால் எடுக்கறப்ப மூச்சு நின்னு செத்துப் பொழைச்சேன்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? அக்காவுக்கு அது இல்லையே."

மறுநாள் காலையில் அதே ஊசியைத்தான் போட்டிருப்பார்கள். டாக்டருக்குப் போன் செய்தேன். அறுவை ரத்தாயிற்று. பொக்ஹி என்னை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

சத்தம் கேட்டு, வெளியே பெஞ்சில் இருந்த அக்கா ஜோங்ரே நொண்டிக்கொண்டே வந்தாள். படத்தில் தங்கம் இல்லாததில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தங்கையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"இதை ஏண்டி மறைச்சே?"

"சொன்னா உன் அட்டைன்னு தெரிஞ்சிருமேக்கா."

ஜோங்ரே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நான் தங்கம் குத்திக்கிட்டப்ப, ஏமாந்த சிறுக்கின்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சியே."

"இப்பவும் உனக்கு வலி போகலியே?"

"போகலதான்." ஜோங்ரே தன் முட்டியைத் தடவிக்கொண்டாள். "அந்தத் தங்கத்துக்கு வேற வேலை இருந்திருக்கு."