பிடுங்க மறந்த கதியால்

என் மாமனார் ஒரு முழ நிலத்துக்காகப் பத்தொன்பது வருடம் வழக்காடித் தோற்றவர். கலியாணமான நாளிலிருந்து இதைச் சொல்லியே என் மனைவி ரஞ்சினியைச் சீண்டி வந்தேன். நான் நில அளவையாளன். இலங்கையில் பதினொரு வருடம் அளவுச் சங்கிலி இழுத்தவன். யாழ்ப்பாணத்து வேலிச் சண்டை எத்தனையோ பார்த்துச் சலித்தவன்.

"அப்பான்ர பிழை இல்லை. அவர் திருவிழாவுக்குப் போன நேரம் பக்கத்து வீட்டு ஆனந்தராஜா பழைய கதியால் எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சுப்போட்டு, இஞ்சாலை எங்கடை காணிக்குள்ளை புதுசு நட்டவர். அளக்க வந்தவருக்குக் கண் தெரியேல்லை" என்பாள் ரஞ்சினி.

கதியால் என்பது எங்கள் ஊர் வேலியின் உயிர். பூவரசு, முள்முருக்கு, கிளுவை என்று மரக்கிளையை வெட்டி நடுவோம். அது வேர் விட்டு மரமாகிவிடும்.

1977 ஓகஸ்டில் நாங்கள் சிட்னியில் கிரவீனில் குடியிருந்தோம். நான் பரமட்டாவில் ஒரு சர்வே கம்பனியில் வேலை செய்தேன். ஐந்து வருடமாக என்னை வெளி வேலைக்கு அனுப்பியதே இல்லை. மற்றவர்கள் அளந்து வருவார்கள். நான் கதிரையில் இருந்து கணக்குச் சரிபார்ப்பேன். ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, அவுஸ்திரேலியாவின் வடக்குக் கடற்கரையில் ஒரு மிஷனுக்குப் போகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு சர்வேயர்கள் ஏற்கெனவே போய்க் கைவிரித்துவிட்டார்கள். தோற்கப் போகிற வழக்குக்குத்தான் நான்!

வழக்கு இதுதான். மிஷன் பாதிரிமார் வெளியேறி, அந்த நிலத்தை அங்குள்ள பழங்குடி மக்களின் கவுன்சிலிடம் கொடுக்கப் போகிறார்கள். கிழக்கே ஒரு பெரிய மாட்டுப் பண்ணை. இரண்டுக்கும் எல்லை எது? பழைய பத்திரத்தில் 'மிஷன் அமைத்த வேலி' என்று மட்டும் இருந்தது. அளவு தொடங்கும் எல்லைக் கல்லைப் புயல் கொண்டுபோயிருந்தது. இப்போது நிற்கிற கம்பி வேலிதான் அது என்றது பண்ணை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் மிஷனைக் காலி செய்தபோது பண்ணைக்காரர் வேலியை அரை மைல் உள்ளே தள்ளிப் போட்டார்கள் என்றது கவுன்சில். அந்த அரை மைலுக்குள் ஒரு ஊற்று இருந்தது. கோடையில் இருநூறு சனத்துக்கு அது ஒன்றுதான் குடிதண்ணீர். அது போனால் ஊரையே கிளப்பிக்கொண்டு போகவேண்டியதுதான்.

கவுன்சிலின் தலைவி எஸ்தர். ஐம்பது வயதிருக்கும். மிஷன் கடையையும் அவள்தான் நடத்தினாள். ஆறு கிழமைக்கு ஒரு தடவை வரும் படகில் மாவும் தேயிலையும் இறங்கும். சிப்பி ஓடும் மரப்பட்டை ஓவியமும் ஏறும். நான் விமானத்தால் இறங்கியதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பேசியது இங்கிலிஷ்தான். ஆனால் அந்தத் தொனி எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே இறங்கியது.

"நீயும் வேலி இல்லையெண்டு எழுதிப்போட்டுப் போக வந்தனியோ?"

"வேலி எங்கை எண்டு காட்டுங்கோ. இருந்தால் இருக்கெண்டு எழுதுறன்."

"வந்த ரெண்டு பேருக்கும் காட்டினனான். என்ர அப்பா நட்ட வேலி. இப்பவும் நிக்குது. அவங்கள் காட்டைப் பாத்திட்டுச் சிரிச்சிட்டுப் போட்டாங்கள்."

நானும் மனதுக்குள் சிரித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன். முப்பது வருடத்துக்கு முன் கழற்றிய வேலி எப்படி நிற்கும்? முதல் நாள் முழுவதும் பண்ணையின் கம்பி வேலியைத்தான் அளந்தேன். நேராக, ஒழுங்காக நின்றது. பண்ணை சொல்வதுதான் சரி என்று அறிக்கைக்கு முதல் வரியும் எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை எஸ்தர் என்னை ஊற்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பண்ணை மாடுகள் இறங்கிக் கலக்கி, தண்ணீர் சேறாகக் கிடந்தது. ஒரு பெண் அதைத் துணியில் வடித்து வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றைத் தாண்டி நடந்தோம். கம்பி வேலியிலிருந்து அரை மைலில் எஸ்தர் நின்றாள்.

"அந்தா, வேலி."

நிமிர்ந்து பார்த்தேன். இலை ஒன்றும் இல்லாமல், செக்கச்செவேலென்று பூத்து நின்றது முள்முருக்கு. ஒன்று, இரண்டு இல்லை. கடற்கரையிலிருந்து மேட்டில் ஏறி, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் ஒரே வரிசை. தானாக முளைத்த மரம் இப்படி வரிசை கட்டி மேடு ஏறுமா? இதைக் காடு என்று எழுதியவனை என்னவென்று சொல்வது? எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூடச் சொல்லிவிடும், இது வேலி என்று.

"இது கதியால்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

எஸ்தருக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. "காய்ஞ்ச தடி நட்டால் கறையான் திண்டுபோடும். அதாலை அப்பா பச்சைத் தடி வெட்டி நட்டவர்" என்றாள்.

சங்கிலியை எடுத்தேன். மரத்துக்கு மரம் ஒன்பது அடி. இடையில் பட்டுப்போனவற்றின் இடம் பதினெட்டு அடி, இருபத்தேழு அடி. கணக்குப் பிசகவில்லை. ஏழாவது மரத்தில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு தழும்பு தெரிந்தது. எஸ்தரிடம் அனுமதி கேட்டு, உளியால் மெதுவாகச் செதுக்கினேன். இரண்டு அங்குலம் உள்ளே துருப்பிடித்த கம்பி! மரம் அதை விழுங்கியிருந்தது. வேலியைத் தள்ளிப் போட்டவர்கள் இழுத்துப் பார்த்துவிட்டு, வராமல் போகவே இரண்டு பக்கமும் நறுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கம்பியைக் கொண்டுபோனவர்கள் கதியாலை மறந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தான் என்றால் முதலில் கதியாலைத்தான் பிடுங்கியிருப்பான்.

அறிக்கையைக் கிழித்துப் போட்டேன்.

விசாரணை வெள்ளிக்கிழமை மிஷன் தேவாலயத்தில் நடந்தது. அரசாங்க அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நான் சொல்லி முடித்ததும் பண்ணையின் வழக்கறிஞர் எழுந்தார்.

"மரம் எங்கேயும் வளரும். நீங்கள் தாவரவியல் படித்தவரா?"

"இல்லை, ஐயா."

"பிறகு எந்தத் தகுதியில் இதை வேலி என்கிறீர்கள்?"

பதினொரு வருட அனுபவத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"நான் யாழ்ப்பாணத்தவன். என் மனைவியின் தகப்பனார் இதே மர வேலிக்காகப் பத்தொன்பது வருடம் கோர்ட்டுக்குப் போனவர். எல்லையை நகர்த்துகிற வழிகள் அத்தனையும் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். இவர்கள் செய்தது அதிலே மிக மோசமான வேலை."

தேவாலயம் முழுவதும் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு, "காட்டுங்கள்" என்றார். நான் செதுக்கிக் காட்டிய பதினாறு மரத்தில் கம்பியைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தார். பதினேழாவதில் போதும் என்றார். எல்லை மரவரிசைதான், ஊற்று மிஷன் நிலத்துக்குள்தான் என்று அன்று மாலையே என் வரைபடத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். கீழே, அளந்தவர் என்ற இடத்தில், என் பெயர். அவுஸ்திரேலியாவில் ஒரு வரைபடத்தில் அதுதான் முதல் தடவை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதைப் பார்த்தபடியே நின்றேன்.

சனம் ஊற்றுக்கு ஓடியது. எஸ்தர் போகவில்லை. தகப்பன் நட்ட மரம் ஒன்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"உன்ர மாமனார் வெண்டவரோ?" என்று கேட்டாள்.

"இல்லை. தோத்துப்போனார்."

"இஞ்சை அவர் வெண்டிட்டார் எண்டு எழுது. எவ்வளவு எண்டதையும் எழுது."

கிரவீனுக்குத் திரும்பி ரஞ்சினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குசினிக்குள் நின்று கேட்டவள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, வழக்கம்போல வாயை அடக்க முடியாமல், "ஓணான் வேலிக்கு இழுக்கும் எண்டு சும்மாவே சொன்னவை?" என்று என்னை வாரினாள். அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே மாமனாருக்கு எழுதினேன். அரை மைலை அவருக்கு விளங்கும் அளவில் மாற்றினேன்.

ஆறு கிழமையில் பதில் வந்தது. ரஞ்சினிதான் உரத்து வாசித்தாள்.

"அன்புள்ள மருமகன் வரதராஜாவுக்கு, உமது கடிதம் கிடைத்தது. அதை வேலிக்கு மேலால் ஆனந்தராஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆயிரத்து எழுநூற்று அறுபது முழம் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, இரண்டாம் தரமும் வாசித்தேன். அவன் உள்ளே போய்விட்டான். அந்த அம்மாவிடம் சொல்லும், எங்கள் வழக்கு முடிந்துவிட்டது."